ஐஸ்கட்டியில் மீன் வாடையா?

வெயிலில் வந்த மாமனாருக்கு எலுமிச்சை ஜூஸில் நாலு ஐஸ்கட்டி போட்டுக் கொடுக்கிறாள் மருமகள். ஒரு வாய் குடித்தவர், "ஏம்மா, இதுல மீன் வாடை அடிக்குதே?" என்று டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார். பழம் புதுசு. தண்ணீர் ஃபில்டரில் பிடித்தது. முந்தாநாள் மீன் குழம்பு மட்டும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாத கிண்ணத்தில் இருக்கிறது. அந்த வாடை ஃப்ரீசருக்குள் எப்படிப் போனது?

காற்றோடுதான். பெரும்பாலான ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில். அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் குளிர்காற்றை மேலும் கீழும் சுற்றவிடும். குழம்பு, நறுக்கிய வெங்காயம், புளித்த மாவு என எல்லாவற்றின் வாடையும் ஐஸ் ட்ரே வரை போய்ச் சேரும். திறந்து கிடக்கும் ஐஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். நாள் ஆக ஆக கட்டியும் சிறுத்துக்கொண்டே வரும். ஓரம் தேய்ந்து சுருங்கிய கட்டி என்றால் அது பழைய ஐஸ், ஜூஸுக்கு ஆகாது.

எல்லா வீட்டிலும் குற்றவாளி குழம்புதான் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரே காரணமாக இருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சின்ன சோதனை போதும். அதே தண்ணீரை மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் முக்கால் அளவு ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைக்க வேண்டும். (உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருகும். நிறைய ஊற்றினால் மூடி பிதுங்கும்.) மறுநாள் அந்த ஐஸையும் ட்ரே ஐஸையும் தனித்தனி டம்ளரில் உருகவிட்டு, குளிர் போன பிறகு குடித்துப் பார்க்கலாம். ஜில்லென்று இருக்கும்போது ருசி சரியாகத் தெரியாது.

டப்பா ஐஸ் நன்றாக இருந்து, ட்ரே ஐஸ் மட்டும் வாடை அடித்தால் கோளாறு ஃப்ரிட்ஜிலோ ட்ரேயிலோதான். பழைய ஐஸைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கலந்து ட்ரேயையும் ஐஸ் சேரும் பெட்டியையும் கழுவ வேண்டும். வாசனை சோப்பு வேண்டாம். பிளாஸ்டிக் அதையும் பிடித்துக்கொள்ளும். ஈரம் போகத் துடைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாத பழைய ட்ரேயோடு மல்லுக்கட்டாமல் புதுசு வாங்கிவிடலாம். ஒரு திறந்த கிண்ணத்தில் சமையல் சோடா வைப்பது கொஞ்சம் உதவும். ஆனால் குழம்புக்கு மூடி போடாமல் சோடாவை மட்டும் நம்பினால் அடுத்த வாரம் அதே கதைதான்.

இரண்டு ஐஸும் ஒரே மாதிரி இருந்தால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். குளோரின் நெடி என்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் போய்விடும். போர் தண்ணீரின் உப்பு கொதிக்கவைத்தால் போகாது. நடுவில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுதான்.

குழாய் இணைப்போடு தானாக ஐஸ் செய்யும் ஃப்ரிட்ஜ் என்றால் முதலில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். புது ஃபில்டர் போட்டாலும், ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிட வேண்டும்.

ருசியைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது, பல கிருமிகள் உறைநிலையில் சும்மா கிடக்கும், உருகியதும் எழுந்துவிடும். குடிக்க லாயக்கில்லாத தண்ணீரில் செய்த ஐஸும் குடிக்க லாயக்கில்லாததுதான். நீண்ட நேரம் கரண்ட் போய், ஃப்ரீசரில் இருந்த மீன் பொட்டலம் உருகி ட்ரேயில் சொட்டியிருந்தால் வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மொத்தத்தையும் சிங்க்கில் கொட்டி, ட்ரேயை சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.