காசு கொடுத்துச் சேர்க்கும் ஒரு வரி

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் பிரிக்கப்படுவது வரி விளம்பரப் பக்கம்தான். வீடு வாடகைக்கு, மனை விற்பனைக்கு, டிரைவர் தேவை, மணமகள் தேவை, கறவை மாடு விலைக்கு, பத்திரம் தொலைந்துவிட்டது, ஆளைக் காணவில்லை என்று மாவட்டத்தின் ஒரு வார வாழ்க்கை பொடி எழுத்தில் அங்கே கிடக்கிறது. முழுப்பக்க விளம்பரம் கொடுப்பவர்கள் ஜவுளிக்கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும். வரி விளம்பரம் நம்மைப் போன்றவர்களின் பக்கம்.

இதற்கு வரிக் கணக்கில் காசு. அதனால் யாரும் வீண் சொல் போடுவதில்லை. '2 பெட்ரூம், ஹால், கிச்சன், போர் தண்ணீர், பைக் நிறுத்த இடம், பஸ் ஸ்டாண்ட் அருகில்' என்று சொல்ல வேண்டியதை நறுக்காகச் சொல்லி, போன் நம்பரைப் போட்டு முடித்துவிடுவார்கள். இவ்வளவு சிக்கனத்துக்கு நடுவிலும் சிலர் காசு கொடுத்துச் சேர்க்கும் ஒரு வரி உண்டு: 'சைவம் மட்டும்.' மணமக்கள் பகுதிக்குப் போனால் இன்னொன்று: 'சாதி தடையில்லை (எஸ்.சி., எஸ்.டி. தவிர).' தடையில்லை என்று ஒரு கையால் கதவைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் இன்னொரு கையால் சாத்துகிறார்கள். அந்த அடைப்புக்குறிக்கும் சேர்த்தே காசு கட்டுகிறார்கள்.

2009இல் வேலை மாற்றலாகி விழுப்புரம் வந்தபோது நானும் இந்தப் பக்கத்தை நம்பித்தான் வீடு தேடினேன். ஒரு விளம்பரம் எல்லா வகையிலும் பொருந்தியது. வாடகை கட்டுப்படியாகும், அலுவலகத்துக்கு நடந்தே போகலாம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம். கடைசியில் 'சைவம் மட்டும்' என்று இருந்தது. பரவாயில்லை என்று போன் செய்தேன். எடுத்த அம்மா அன்பாகத்தான் பேசினார். "தம்பி, நாங்க மேல் வீட்டுலயே இருக்கோம். கறி, மீன் வாசனை எங்களுக்கு ஆகாது" என்றார். "வீட்டில் சமைக்க மாட்டோம்மா. சாப்பிடணும்னா வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறோம்" என்றேன். நாங்கள் மனதார ஒப்புக்கொண்ட விஷயம் அது.

அத்தோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. "சொந்த ஊர் எது தம்பி?" சொன்னேன். "ஊருக்குள்ளேயா?" கொஞ்சம் தயங்கி, "இல்லைம்மா, காலனி" என்றேன். போனில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்டுக்காரர் வேற ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டாராம் தம்பி, இப்பதான் சொல்றார்" என்றார்.

அடுத்த ஞாயிறும் அதே விளம்பரம், அதே நம்பரோடு வந்திருந்தது.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் ஒழிந்துவிட்டது. அது சுயமரியாதை இயக்கம் தந்த நன்மை. ஆனால் பெயரில் கிடைக்காததை ஊரிலும் தெருவிலும் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் "ஊருக்குள்ளேயா?" என்ற கேள்வியை எந்த அரசாணையால் நீக்குவது?

வேலை விளம்பரங்களின் கதையும் இதுதான். சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். ஒன்றில் உயர்சாதியைக் காட்டும் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். படிப்பும் அனுபவமும் ஒன்றுதான். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது சுமார் மூன்றில் இரண்டு பங்காகத்தான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிடவும் மோசம். 2007இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. அந்த விளம்பரங்கள் எதிலும் 'தலித்துகள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்ற வரி இல்லை. அச்சில் வராத அந்த வரியை, விண்ணப்பத்தைப் பிரித்தவர்கள் மனதுக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டு விளம்பரத்தில் ஒரு வரியைச் சேர்க்கிறார்கள் என்றால், மனை விளம்பரத்தில் ஒரு வரியை மறைக்கிறார்கள். 'அருமையான முதலீடு, கிளியர் டைட்டில், உடனடிப் பத்திரம்' என்று போடுபவர்கள், அந்த நிலம் ஆதியில் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்வதில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892இல் ஆணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலம் அது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் எத்தனை கை மாறிப் போனது என்பது ஊரறிந்த கதை. அதை மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். மனை வாங்கும் யாராக இருந்தாலும் வில்லங்கச் சான்றோடு நிற்காமல், வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் பழைய ஒப்படை ஆவணங்களையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அது நம் நிலத்துக்கும் பாதுகாப்பு, உங்கள் பணத்துக்கும் பாதுகாப்பு.

காசு கொடுத்தாலும் பத்திரிகையில் இடம் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, அதற்கான விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடக்கூட 'கேசரி' பத்திரிகை மறுத்தது என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். திலகர் உயிரோடு இருந்த காலம் அது. ஊமைகளின் தலைவன் என்று பெயர் வைத்த இதழுக்கு, காசு கொடுத்தும் இரண்டு வரி கிடைக்கவில்லை. இன்று அந்த நிலை இல்லை. நாம் கொடுக்கும் விளம்பரத்தை எந்தக் கவுன்ட்டரிலும் மறுப்பதில்லை. ஆனால் நம்மைத் தள்ளிவைக்கும் விளம்பரத்தையும் மறுப்பதில்லை. நூறு ஆண்டுகளில் நடந்திருக்கும் மாற்றம் இவ்வளவுதான்.

'என் வீடு, என் விருப்பம். என் பிள்ளைக்கு யாரைக் கட்டிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம்' என்று வாதிடுவோர் உண்டு. கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். யாரும் யாரையும் மணந்துகொள்ளும்படி சட்டம் கட்டாயப்படுத்த முடியாது. நாமும் அதைக் கேட்கவில்லை. தன் சாதியில்தான் வரன் வேண்டும் என்பவர் அதை எழுதிக்கொள்ளட்டும். அது அவருடைய பின்தங்கிய விருப்பம். ஆனால் மற்ற எல்லாச் சாதியும் சரி, இவர்கள் மட்டும் கூடாது என்று அச்சிடுவது விருப்பத்தைச் சொல்வது அல்ல. இழிவை ஊரறிய விளம்பரப்படுத்துவது. ஒருபக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் சாதி மறுப்புத் திருமணத்துக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. மறுபக்கம் அதே திருமணத்துக்கு எதிராக வாராவாரம் பொடி எழுத்தில் பிரசாரம் நடக்கிறது.

வாடகை வீடு வேறு விஷயம். அது வியாபாரம். பொது மக்களை அழைத்து, காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் சேவை. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் உள்ள 'கடை' என்ற சொல்லுக்கு, நாடி வருவோருக்குச் சேவை தரும் எந்த இடமும் அடங்கும் என்ற விரிந்த பொருளை 1948இலேயே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விரிந்த பொருளையே ஏற்றது. அதற்கும் முன்பே, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருக்க முடியாமல் தடுப்பதை 4ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை என்கிறது 12ஆம் பிரிவு. எழுபது ஆண்டுகளாக இந்தச் சட்டம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாப்பாட்டைக் காரணம் காட்டுபவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். அவர்கள் 'வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும். யார் ஒப்புக்கொண்டாலும் வீட்டைக் கொடுக்கட்டும். அதற்கு மேல் ஊரையும் தெருவையும் கேட்டால், பிரச்சினை அடுப்பில் இல்லை.

இதே பக்கத்தின் இன்னொரு மூலையைப் பாருங்கள். 'ஓ நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை', 'சிறுநீரகச் சிகிச்சைக்கு உதவுங்கள்', 'மனநிலை சரியில்லாத அப்பாவைக் காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லவும்.' இந்த விளம்பரங்களில் இன்றுவரை அடைப்புக்குறியை நான் பார்த்ததில்லை. எஸ்.சி. ரத்தம் தவிர என்று யாரும் போடுவதில்லை. காலனிக்காரர் கண்டுபிடித்தால் சொல்ல வேண்டாம் என்றும் போடுவதில்லை. தேவை வரும்போது எல்லோருக்கும் எல்லோரும் வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. இந்தப் பத்தி வெளிவரும் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களுக்கும் முதல் கோரிக்கை: சாதியைச் சொல்லி விலக்கும் வரியை விளம்பரக் கவுன்ட்டரிலேயே வாங்காதீர்கள். 'வரி விளம்பரங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்க முடியாது. விளம்பரம் உள்பட இதழில் வரும் எல்லாவற்றுக்கும் ஆசிரியரே பொறுப்பு என்பது பிரஸ் கவுன்சில் வகுத்த நெறி. ஆபாசமான வரியை வாங்க மறுக்கும் கவுன்ட்டருக்கு இதையும் மறுக்கத் தெரியும்.

இரண்டாவது கோரிக்கை நம்மவர்களுக்கு. போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்று விட்டுவிடுகிறோம். அச்சில் வந்ததற்குத் தேதி இருக்கிறது, நம்பர் இருக்கிறது. 'எஸ்.சி. தவிர' என்று வீட்டு விளம்பரம் வந்தால் வெட்டி எடுத்து வையுங்கள். போன் செய்த நாளையும் சொன்ன பதிலையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். காவல் நிலையத்திலும், 2021இல் அமைக்கப்பட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்திலும் புகார் கொடுங்கள். ஒன்றிரண்டு வழக்கு வந்தால் போதும், அந்த வரிக்குக் காசு கட்ட யோசிப்பார்கள்.

மூன்றாவது, அந்தப் பக்கத்தை நாமும் பயன்படுத்துவோம். விற்கவும் வாங்கவும் வீடு விடவும் ஆள் எடுக்கவும் நம் விளம்பரமும் அங்கே வரட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கடன் வாங்கி ஒரு வீடு கட்டினேன். மாடியை வாடகைக்கு விட விளம்பரம் எழுதிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "சைவமா அசைவமான்னு போடலையே சார்?" என்றார். "வேண்டாம் தம்பி. அதுக்குப் பதிலா, 'எந்தச் சாதி, மதத்தினரும் வரலாம்'னு போடுங்க" என்றேன். "அதைப் போட்டா இன்னொரு வரி கூடும் சார், காசு ஆகுமே" என்றார்.

ஆகட்டும் என்று கட்டிவிட்டு வந்தேன்.