பட்டணப் பித்து

நம் மக்களின் மூட நம்பிக்கைகளை எண்ணிச் சொல்லுகிறவர்கள் சாமி, சோதிடம், சகுனம், திதி என்பதோடு நிறுத்திவிடுகின்றார்கள். அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது மற்றொன்றும் உண்டு. அதுதான் “சென்னையில் இருந்தால்தான் மனிதன்” என்கின்ற பட்டணப் பித்தாகும். கணக்குப் பாராமல், பத்துப்பேர் போகின்றார்களே என்று பதினோராவது ஆளும் மூட்டை கட்டுவதற்குப் பக்தி என்று பெயர் வைத்தால் என்ன? நாகரிகம் என்று பெயர் வைத்தால் என்ன?

சென்னை பெரிய பட்டணமானது ஸ்தல மகிமையாலா? 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பல் வியாபாரத்திற்காகக் கடற்கரையில் இடம் பிடித்தார்கள். ஆட்சி கைக்கு வந்தபின் வெள்ளைக்காரர்கள் 1857ல் சர்வகலாசாலையையும், 1862ல் ஹைக்கோர்ட்டையும் அங்கேயே வைத்துக் கொண்டார்கள். உத்தியோகமும் பணமும் அங்கே குவிந்ததால் ஜனங்களும் குவிந்தார்கள். இவ்வளவுதான் சங்கதி. மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதன் மாற்றவும் கூடும். மதுரையில் 2004 முதல் ஹைக்கோர்ட்டுக் கிளை நடக்கின்றது. வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி 1900லும், மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976லும் தோன்றியவை. திருப்பூர் பனியனும், சிவகாசி அச்சும், கரூர் ஜவுளியும் சென்னையின் தயவில் வளர்ந்தவை அல்ல.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு தோழருக்குச் சென்னையில் மாதம் 30,000 ரூபாய் சம்பளம், வாடகை 12,000 என்று வைத்துக்கொள்வோம். அதே தோழர் ஈரோட்டிலோ, திருச்சியிலோ 26,000 ரூபாய்க்கு வேலை பார்த்து, 6,000 ரூபாய் வாடகை வீட்டில் இருந்தால், சம்பளம் குறைந்தும் மாதம் 2,000 ரூபாய் மீதமாகின்றது. பட்டணத்தில் வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 2 மணி நேரம் என்றால், வருஷத்தில் 300 நாளைக்கு 600 மணி. அதாவது இரவும் பகலுமாக 25 முழு நாட்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் தொலைகின்றன. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று 2017ல் சட்டம் வந்தும், 10 மாதம் கேட்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. தண்ணீர்க் கதையோ கேட்க வேண்டாம். 2015லும் 2023லும் வீட்டுக்குள் வெள்ளம். 2019லோ குடிப்பதற்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர்!

நிற்க. இப்படிச் சொல்லுவதால், “கிராமத்துக்குத் திரும்புங்கள்” என்று பஜனை பாடுவோரோடு நாமும் சேர்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. 1948ல் அரசியல் நிர்ணய சபையில் தோழர் அம்பேத்கர், கிராமமானது அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் வகுப்பு வெறிக்கும் இருப்பிடம் என்று கண்டித்தாரே, அதில் என்ன தவறு? சேரியில் பிறந்தவன் சென்னைக்கு ஓடினது கடற்காற்று வாங்க அல்ல. தன் அப்பன் பேர் தெரியாத தெருவில் மனிதனாக நடக்கத்தான் ஓடினான். ஜாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிக்குப் பட்டணத்துக் கூட்டம் உயிர்க் காப்பாகவும் இருக்கின்றது. அவர்களைப் பார்த்து, “செலவு குறைவு, ஊருக்கு வா” என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை உண்டு?

ஆகவே சிறு நகரத்தார் முதலில் தங்கள் யோக்கியதையைக் காட்ட வேண்டும். வீடு கேட்டு வருகிறவனிடம் வாடகை கொடுப்பாயா என்று கேட்பது நியாயம், “நீங்கள் என்ன ஆளுங்க?” என்று கேட்பது அயோக்கியத்தனம். மரக்கறிக்காரர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டுவதும் அதே கேள்விதான். சென்னையிலும் இந்த ஈனத்தனம் இல்லாமலில்லை. ஆனால் அங்கே அடுத்த தெருவுக்குப் போகலாம். சிறு ஊரில் அடுத்த தெருவும் மாமன் மச்சானுடையதாக இருக்கின்றது.

குடியேறப் போகும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்குப் போடும்போது மனைவியின் சம்பளத்தையும் வேலையையும் சேர்த்தே போடுங்கள். உங்கள் வாடகை குறைவதற்காக அவர் உத்தியோகத்தை விட்டு அடுப்பங்கரைக்குத் திரும்ப வேண்டுமென்றால், அது சிக்கனமல்ல. பெண்ணடிமைக்குக் கொடுக்கும் வாடகையேயாகும். அதுபோலவே, உறவினர் பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று காதுகுத்து, கிரகப்பிரவேசம், சீர் என்று மிச்சப் பணத்தை இறைத்தால், வீட்டுக்காரனிடமிருந்து தப்பிய பணம் புரோகிதன் மடியில் விழுந்ததாகத்தான் அர்த்தம்.

தோழர்களே! “குடிஅரசு” 1925ல் பிறந்தது ஈரோட்டில். சுயமரியாதை மகாநாடுகள் 1929ல் செங்கல்பட்டிலும், 1930ல் ஈரோட்டிலும், 1931ல் விருதுநகரிலும் கூடின. ஜாதியைக் கேள்வி கேட்கச் சிறு ஊர்களுக்கு அன்று தைரியம் இருந்தது. இன்று ஜாதி கேட்காமல் ஒரு சாவியைக் கொடுக்கவாவது அந்த ஊர்களுக்குத் தைரியம் வேண்டாமா? சர்க்காரும் காரியாலயங்களையும் தொழிற்சாலைகளையும் ஊர் ஊராகப் பரப்பி வைக்கட்டும். அதுவரை சும்மா இராமல், காலியாக வீடு வைத்திருக்கும் ஒவ்வொரு இயக்கத் தோழரும் தம் வீட்டிலிருந்தே இக்காரியத்தைத் துவக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.