நீதிமன்றக் கட்டண உயர்வு: குழுவின் ஆய்வு கட்டாயமாக வேண்டும்

புது தில்லி: நீதிமன்றக் கட்டணத்தை உயர்த்துவது அரசுகளுக்கு எளிதான காரியம். மசோதா தாக்கலாகும், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். உயர்வு முறையானதுதானா என்று ஆராயும் பொறுப்பு பின்னர் நீதிமன்றத்தின் மீதே விழும்.

தலைநகரிலேயே இதற்குச் சான்று உண்டு. 2012-இல் தில்லி சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தச் சட்டம், பல இனங்களில் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. வழக்குரைஞர்கள் வழக்குத் தொடுத்தனர். 2013 அக்டோபரில் அச்சட்டம் செல்லாது என்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமியற்றும் கட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்கு ஓராண்டுக்கும் மேலாக வழக்காட வேண்டியதாயிற்று.

உச்சநீதிமன்றம் நீங்கலாக ஏனைய நீதிமன்றங்களின் கட்டணம் மாநிலப் பட்டியலில் அடங்கியது. எனவே, நாடாளுமன்றத்தின் சட்டம், நீதித்துறைக்கான நிலைக்குழு மாநில மசோதாக்களை ஆராய இயலாது. கேரளம் 1980-லேயே துறைசார் குழுக்களை அமைத்தது. பெரும்பாலான பேரவைகளிலோ மசோதாக்கள் எந்தக் குழுவுக்கும் செல்வதில்லை. நாடாளுமன்றமும் நல்ல முன்மாதிரியாக இல்லை. 15-ஆவது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17-ஆவது மக்களவைக் காலத்தில் அது 16 சதவீதமாகச் சரிந்தது.

பண மதிப்பு வீழ்ந்துவிட்டது என்பது அரசுகளின் வாதம். 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரூபாய்க் கணக்கில் குறிக்கப்பட்ட நிலையான கட்டணங்களுக்கு இவ்வாதம் பொருந்தும். ஆனால், வழக்கின் மதிப்பில் இத்தனை சதவீதம் என விதிக்கப்படும் கட்டணத்துக்கு அது பொருந்தாது. நிலத்தின் விலை ஏறினால் அக்கட்டணமும் தானே ஏறும். விகிதத்தையும் உயர்த்துவது இரட்டைச் சுமையாகும்.

இச்சுமை யார் மீது விழுகிறது? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமான வரம்புக்குட்பட்டோர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. பெரு நிறுவனங்களுக்குக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. இடையில் நிற்கும் சிறு வணிகரும் குறைந்த சம்பளக்காரருமே நியாயமான உரிமையையும் கைவிட நேர்கிறது.

குறைப்பதும் சாத்தியமே. தமிழகம் 2017-இல் உரிமையியல் வழக்குகளுக்கான கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. ரூ.10 லட்சம் மதிப்புள்ள வழக்குக்கு ரூ.75,000 செலுத்த வேண்டியிருந்த நிலை மாறி ரூ.30,000 போதும் என்றானது.

நீதி வழங்குவதை அரசு வருவாய்க்கான வழியாகக் கருதலாகாது என்று சட்ட ஆணையம் 1958-இல் அளித்த தனது 14-ஆவது அறிக்கையிலேயே வலியுறுத்தியது. ஆகவே, கட்டண உயர்வு மசோதா எதுவாயினும் பேரவைக் குழுவுக்குச் சென்றாக வேண்டும். வசூலான தொகை எவ்வளவு, நீதிமன்றங்களுக்குச் செலவிட்டது எவ்வளவு என்ற கணக்கை அரசு குழுவின் முன் வைக்க வேண்டும். வழக்குரைஞர்களோடு வழக்காடும் மக்களையும் குழு அழைத்துக் கேட்க வேண்டும். கணக்குக் காட்ட இயலாத அரசுக்குக் கட்டணத்தை உயர்த்தும் தகுதி இல்லை.