பெட்ரோலா, ஹைபிரிட்டா, எலெக்ட்ரிக்கா? ஷோரூமுக்கு முன்னால் ஹவுஸ் ஓனரைப் பாருங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு உட்கார்ந்தபோது அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, நீதான் பத்திரிகையில இருக்கியே... இப்ப கார் வாங்கினா எதை வாங்கணும்? பெட்ரோல் வண்டியெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்ல வராதாமே?"

அப்பா ரிட்டயர் ஆகி ஆறு மாதம் ஆகிறது. வந்த பணத்தில் 10 லட்சத்தை காருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். அநேகமாக அப்பாவுக்குக் கடைசி காரும் இதுதான். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, பதிலுக்கு ஒரு வாரம் டைம் கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் நான் தேடிப் பார்த்ததை அப்படியே இங்கே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிகளுக்கே ஒரே முடிவு இல்லை!

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2017-ல் தொடங்கிய கம்பெனி. 2022-ல் பெட்ரோல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டு முழுக்க எலெக்ட்ரிக்குக்கு மாறியது. அதன் தூத்துக்குடி தொழிற்சாலை 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அங்கே தயாராவது எலெக்ட்ரிக் கார்கள் மட்டும்தான்.

இன்னொரு பக்கம் ஃபோர்டு. 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த அதே கம்பெனி, மறைமலை நகருக்குத் திரும்பி வருவதாக 2025 அக்டோபரில் சொன்னது. எதற்கு? இன்ஜின் தயாரிக்க! 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-ல் உற்பத்தி என்பது திட்டம். இன்ஜினுக்கு எதிர்காலமே இல்லையென்றால் இவ்வளவு பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்களா?

2030-க்குள் முழுக்க எலெக்ட்ரிக் என்று 2021-ல் அறிவித்த வால்வோ, 2024-ல் அந்த இலக்கைத் தளர்த்தி, பிளக்-இன் ஹைபிரிட்டுக்கும் இடம் கொடுத்தது. 1997-லேயே 'ப்ரியஸ்' ஹைபிரிட் காரைக் கொண்டுவந்த டொயோட்டா, இன்றைக்கும் ஹைபிரிட்டைக் கைவிடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய், கிரெட்டா காரை பெட்ரோலிலும் தயாரிக்கிறது, எலெக்ட்ரிக்கிலும் தயாரிக்கிறது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கம்பெனிகள் நிற்கலாம். ஒன்றில் நஷ்டம் வந்தாலும் இன்னொன்றில் ஈடுகட்டிக்கொள்வார்கள். நம் வீட்டுக்கு ஒரே கார்தான். எனவே, 'பெட்ரோல் கார் நாளைக்கே காணாமல் போய்விடும்' என்ற பயத்தில் அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம்.

ஹைபிரிட் என்றால்..?

சிக்னலில் பிரேக் பிடிக்கும்போது சாதாரண காரில் அந்தச் சக்தி சூடாகி வீணாகிவிடும். ஹைபிரிட் காரில் அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பிப் போகும். மெதுவாக நகரும்போது இன்ஜின் ஓய்வெடுக்க, மோட்டார் வண்டியை இழுக்கும். அதனால்தான் டிராஃபிக்கில் ஹைபிரிட்டுக்கு மைலேஜ் அதிகம். சார்ஜ் போடும் வேலையும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. 'மைல்டு ஹைபிரிட்' என்பது வேறு. அதில் இன்ஜினுக்கு மோட்டார் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாக மோட்டாரில் ஓடாது. ஷோரூமில் 'ஹைபிரிட்' என்று சொன்னால், "மைல்டா, ஸ்ட்ராங்கா?" என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம், வரி. எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு 18 சதவிகிதம். பெரிய கார்களுக்கு 40 சதவிகிதம். இங்கே விற்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்கள் பெரும்பாலும் இந்த 40-ல்தான் வருகின்றன. அப்பாவின் 10 லட்சத்துக்குள் அது அடங்காது. ஆக, மிச்சம் இரண்டு.

பேப்பர், பேனா எடுங்கள்

தோராயமாகக் கணக்குப் போட்டேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 கி.மீ. எலெக்ட்ரிக் காருக்கு ஒரு யூனிட்டில் 7 கி.மீ, வீட்டு கரன்ட் யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

மாதம் 600 கி.மீ ஓட்டினால் பெட்ரோலுக்கு 4,000 ரூபாய், கரன்ட்டுக்கு சுமார் 860 ரூபாய். மிச்சம் 3,100-க்குக் கொஞ்சம் மேலே. எலெக்ட்ரிக் காரின் விலை 2 லட்சம் கூடுதல் என்றால், அதை எடுக்க 5 வருஷம் தாண்டிவிடும். அதுவே மாதம் 1,500 கி.மீ ஓட்டுபவர் என்றால் சுமார் 2 வருஷத்திலேயே எடுத்துவிடலாம். அதிகம் ஓட்டுபவருக்குத்தான் எலெக்ட்ரிக்கில் லாபம் அதிகம்.

ஆனால், இந்தக் கணக்கெல்லாம் வீட்டில் சார்ஜ் போட்டால்தான் செல்லும். எப்போதும் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பியிருந்தால் யூனிட் விலை இரண்டு மடங்குக்கு மேலேகூடப் போகும், மிச்சம் கரைந்துவிடும். காத்திருக்கும் நேரம் தனி.

இங்கேதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாடியில் குடியிருக்கிறோம். கீழே கார் நிறுத்த இடம் இருக்கிறது, பிளக் பாயின்ட் இல்லை.

அப்பாவிடம் சொன்னது

நேற்று ராத்திரி அப்பாவிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

1. மாதம் எத்தனை கி.மீ ஓட்டுவீர்கள்?

2. ராத்திரி கார் நிற்கும் இடத்தில், நம் மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்க முடியுமா?

3. ஊருக்குப் போகும் வழியில் சார்ஜர் இருக்கிறதா? அது வேலை செய்கிறதா?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் எலெக்ட்ரிக். பேட்டரி வாரன்டியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பல கம்பெனிகள் 8 வருஷம் தருகின்றன. இரண்டாவது கேள்விக்கே 'இல்லை' என்றால், இப்போதைக்கு மைலேஜ் தரும் சின்ன பெட்ரோல் கார் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அப்ப ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனரைப் பார்க்கணும்ங்கற."

"ஆமாப்பா."

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "போறதுதான் போறீங்க, மோட்டார் ரிப்பேரையும் சொல்லிட்டு வாங்க. மூணு நாளா தண்ணி ஏறல!"