“மேலே இருந்து வரட்டும், தருகிறேன்”



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். திருகோணமலை ஜமாலியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய கணவர் மேசன். அன்புவழிபுரத்தில் எழும்பிய ஒரு மாடிக் கட்டடத்தின் பூச்சு வேலையைப் பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து உப கொந்தராத்தாக எடுத்து, எட்டுப் பேரை வைத்து முடித்துக் கொடுத்திருக்கிறார். சாரத்துக்கும் ஆட்களின் கூலிக்கும் சகோதரியின் வளையல்கள் அடகுக்குப் போயின. இப்போது காசு கேட்டால், “மேலே இருந்து எனக்கு வரட்டும், வந்ததும் தருகிறேன்” என்பதுதான் பதில். “எழுத்தில் ஒன்றும் இல்லை. மார்க்கத்தில் எங்களுக்கு ஹக்கு இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

இருக்கிறது. ஆனால் அந்த ஹக்கைப் பெறுவதற்கு முன், அந்த ஒரு வாக்கியம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கட்டடச் சொந்தக்காரர் பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும். அவர் உப கொந்தராத்துக்காரருக்கு. அவர் கூலியாளுக்கு. ஒவ்வொருவரும் “மேலே” என்று கையைக் காட்டலாம். கடைசியில் நிற்கிற கூலியாளின் மனைவி மட்டும் அரிசிக் கடையில் அப்படிச் சொல்ல முடியாது.

2022இல் இதை நாடே பார்த்தது. அரசாங்கத்திடம் காசில்லை, வேலைத்திட்டங்கள் நின்றன, ஒப்பந்தக்காரர்களின் பில்கள் கிடப்பில் கிடந்தன. அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் கணக்கை யாரும் கேட்கவில்லை. சவூதியில் சவூதி ஓஜர் என்ற மாபெரும் கட்டட நிறுவனத்துக்கும் இதுதான் நடந்தது. அரசிடமிருந்து வரவேண்டிய காசு தாமதமாக, 2016இல் பல்லாயிரம் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தார்கள். 2017இல் அது மூடப்பட்டது. பெரிய பெயர் என்பது பாதுகாப்பு அல்ல.

மார்க்கம் என்ன சொல்கிறது? ‘இன்ன அளவில், இன்ன தரத்தில் செய்து தா’ என்று விலை பேசிக் கொடுக்கும் வேலைக்கு ‘இஸ்திஸ்னா’ என்று பெயர். 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகடமி இதைப் பற்றித் தீர்மானம் செய்தது. நிபந்தனைகள் பூரணமானால் இது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். வேலையின் வகையும் அளவும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும். விலையைப் பிற்படுத்தலாம், தவணையாகவும் கொடுக்கலாம், ஆனால் அந்தத் தவணைகள் தெரிந்த காலத்துக்குரியவையாக இருக்க வேண்டும். “மேலே இருந்து வரும்போது” என்பது தெரிந்த காலமா? எந்த நாட்காட்டியில் இருக்கிறது அந்தத் தேதி? ஒரு வேலையை எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பது கூடும். ஆனால் இரண்டு உடன்படிக்கைகளும் தனித்தனியே நிற்க வேண்டும் என்பதும் அறிஞர்கள் வைத்த நிபந்தனை. பெரிய ஒப்பந்தக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் இடையிலான பிணக்கு, மேசனின் கூலியைத் தொடக் கூடாது.

வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கையில் இல்லாதவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும் நம் மார்க்கம்தான். ஆனால் கையில் இல்லாமல் இருப்பது வேறு, இந்தக் காசைக் கொண்டுபோய் அடுத்த கட்டடத்துக்கு அத்திவாரம் போடுவது வேறு.

பிரிட்டனில் 1996இல் சட்டம் கொண்டுவந்து, “எனக்கு வந்தால்தான் உனக்கு” என்ற நிபந்தனையைக் கட்டட ஒப்பந்தங்களில் செல்லாததாக்கினார்கள். மேலே உள்ளவர் வங்குரோத்தாகிப் போனால் மட்டுமே விலக்கு. நம் மேசன்மாருக்கு உள்ள பாதுகாப்பு, கையில் இருக்கும் தாள்தான்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? பில் கொடுத்து இத்தனை நாளுக்குள் காசு என்று நாள் இருக்க வேண்டும். யார் அளப்பது, எப்போது அளப்பது என்று இருக்க வேண்டும்; பூச்சு வேலையில் ஜன்னல் இடைவெளியைக் கழிப்பதா இல்லையா என்பதிலேயே இரண்டு நாள் கூலி போய்விடும். குறை திருத்துவதற்கென்று ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். வழக்கமாக அதில் பாதி வேலை முடிந்ததும், மீதி ஒரு வருடம் அளவில் கழிந்தும் வரும். எந்த வேலை முடிந்து? உங்கள் கணவரின் பூச்சு வேலையா, முழுக் கட்டடமா? முழுக் கட்டடம் என்றால், வேறு யாரோ தாமதித்ததற்கு உங்கள் காசு காத்துக் கிடக்கும். “அந்தச் சுவரையும் பூசிவிடுங்கள், பிறகு பார்ப்போம்” என்று வாயால் சொல்லும் மேலதிக வேலையை அன்றைக்கே ஒரு துண்டில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். பொருளும் நம்முடையது என்றால் விலையேற்றத்தையும் பேச வேண்டும். 2021இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூடை, 2022இல் மூவாயிரம் அளவுக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய அரசாங்க ஒப்பந்தங்களில் விலையேற்றத்தை ஈடுசெய்யச் சூத்திரமே உண்டு. கீழே இருப்பவருக்கு அதைச் சொல்வாரில்லை.

“மச்சான் முறையானவரிடம் எழுதிக் கேட்பதா? வெட்கமாக இருக்கிறது” என்பீர்கள். குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகராவின் 282ஆவது, தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதுவதைப் பற்றியது. சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. சொல்லிக் கொடுத்து எழுதச் செய்யும் பொறுப்பைக் கடன்படுபவர் மேல்தான் வைக்கிறது. கேட்பவர் வெட்கப்பட அதில் இடமே இல்லை. சாட்சிகளில் பெண்களையும் அது சொல்கிறது, ஆகவே இது ‘ஆம்பிளைகள் விஷயம்’ என்று அடுப்படியில் இருந்துவிடாதீர்கள். வளையல் யாருடையது?

மகளுக்கு வீடு கட்டும்போது நாம் அடுத்த பக்கத்தில் நிற்கிறோம். பாஸிடம் காசைக் கொடுத்துவிடுகிறோம். அவர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார். முன்கூட்டியே அள்ளிக் கொடுக்காமல், அத்திவாரம், சுவர், கூரை என்று முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் உதவித்தொகை அப்படித்தான் படிப்படியாக வந்தது. அடுத்த தவணையைக் கொடுக்குமுன், வேலையாட்களிடமே கூலி கிடைத்ததா என்று கேளுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒன்று அவசரமாகச் சொல்ல வேண்டும். வழக்குப் போடும் காலவரையறையைச் சொல்லும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உண்டு. எழுதிய ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். செய்த வேலைக்கான கூலி என்று மட்டும் கேட்டால் ஒரே வருடம். “வரட்டும், வரட்டும்” என்று காத்திருந்தே அந்த வருடம் ஓடிவிடும். வேலை முடிந்த நாளை இன்றே குறித்துக்கொண்டு, நிலுவையைக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கடிதம் போட்டதால் காலம் நிற்காது, ஆகவே தாமதிக்காமல் சட்டத்தரணி ஒருவரையும் பாருங்கள். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே செலவும் இல்லை. ஆட்களின் வரவுக் கொப்பி, பொருள் வாங்கிய பில்கள், தொலைபேசியில் வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் சாட்சியம். அழித்துவிடாதீர்கள்.

இனி எடுக்கும் வேலைகளின் தாளில் ஒரு பிரதி வீட்டில், நிக்காஹ் பத்திரம் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். ஒருவர் மவ்த்தானால், சொத்தைப் பங்கிடுமுன் அவருடைய கடனை அடைக்க வேண்டும். சீமெந்துக் கடைக்காரர் தன் கணக்குக் கொப்பியோடு வருவார். நமக்கு வரவேண்டியதைக் கேட்டுப் போக, மனைவியின் கையிலும் ஒரு தாள் வேண்டும்.