ஆவுரஞ்சிக்கல்லை மறந்த வீடுகள்

மன்னார்த் தீவில் இன்று புதுவீடு கட்டுவோரிடம் வரைபடத்தைக் கேட்டால் மகிழ்ச்சியோடு விரித்துக் காட்டுவர். படுக்கையறை எத்தனை, குளியலறை எங்கே, வாகனம் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். வீட்டு நாய் எங்கே படுக்கும், ஆடு மழைக்கு எங்கே ஒதுங்கும் என்று கேட்டால் பதில் இராது. குடிபுகுந்த பின்னரே அக்கேள்வி எழுகின்றது. அப்போது நாய்க்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு சங்கிலிதான்.

நம் முன்னோர் இக்கேள்வியை முதலிலேயே கேட்டனர். ஈழத்தின் வடபுலத்தில் தெருவோரக் கேணிகளுக்கு அருகே ஆவுரஞ்சிக்கல் நட்டார்கள். மேய்ந்து திரும்பும் மாடு உடலை உரசித் தினவைத் தீர்த்துக்கொள்வதற்கென்றே நடப்பட்ட கல் அது. தன் வீட்டுப் பசுவுக்கு மட்டுமன்றி, யாருடையதென்று தெரியாத மாட்டுக்கும் அது பொது. வளவுக்குள்ளோ கிடுகு வேய்ந்த கொட்டில், கோழிக்கூடு, மர நிழலில் நாய் பறித்துப் படுக்கும் குளிர்ந்த மண் என ஒவ்வொன்றுக்கும் இடம் இருந்தது.

போருக்குப் பின்னர் இந்நிலை மாறிற்று. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளை இலக்காகக் கொண்டது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு புதுவீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. மன்னார் மாவட்டமும் இதில் பயன்பெற்றது. தறப்பாளின் கீழ்க் கிடந்தோருக்குக் கூரை தந்த திட்டத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் அந்த 550 சதுர அடிக்குள் மனிதர் மட்டுமே கணக்கிடப்பட்டனர். "முதலில் மனிதருக்கு வீடு, பிராணிகளைப் பிறகு பார்க்கலாம்" என்பது கேட்பதற்கு நியாயமான வாதமே. ஆனால் நான்கு ஆடும் பத்துக் கோழியும் வளர்த்துப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கும் தாய்க்குக் கொட்டிலும் வீட்டின் ஓர் அறையே. அதை ஒதுக்கிவிட்டால் ஆடு விறாந்தைக்கு ஏறும். நோயும் கூடவே ஏறும்.

மறுபுறத்தில் புலம்பெயர்ந்தோர் பணத்தில் எழும் மாடிவீடுகள். அங்கே குறைவது நிலமன்று, நினைப்பு. சுற்றிலும் உயர்ந்த மதில், முற்றம் முழுவதும் சீமெந்து, உள்ளே பளபளக்கும் மாபிள். நண்பகலில் அந்த முற்றம் நாயின் பாதத்தைச் சுடும். வழுவழுப்பான தரையில் முதிய நாய் கால் ஊன்றத் தடுமாறும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நாயைப் பிள்ளைபோல் வளர்ப்போர் நம்மவரிடையே உண்டு. அவர்கள் ஊரில் கட்டும் வீட்டில் மட்டும் நாய்க்குக் கம்பிக்கூடு போதுமென்று எண்ணுவது விந்தையானது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நம் காற்றையும் மண்ணையும் அறிந்தாலே போதும். சோளகம் வீசும் மாதங்களில் மணல் பறக்கும். கூட்டின் வாயில் தென்மேற்கைப் பார்க்கலாகாது. கிழக்கு விறாந்தையில் பிற்பகல் வெயில் விழாது. நாய்க்கும் பூனைக்கும் அதுவே உகந்த இடம். ஆட்டுக்கொட்டிலின் தளத்தைப் பனஞ்சலாகையால் இடைவெளி விட்டு உயர்த்தினால் புழுக்கை கீழே விழுந்துவிடும், மாரி ஈரமும் தாக்காது. தீவின் மணற்றரையில் கழிவு விரைவாக நிலத்தடி நீரோடு கலக்கும் என்பதால் கொட்டில் கிணற்றிலிருந்து நன்கு விலகியிருக்க வேண்டும். சமையலறைக்கு அரைக்கதவு, கருவாடு காயவைக்க உயர்ந்த பரண், வாசலருகே கால் கழுவ ஒரு குழாய், முற்றத்தில் ஒரு பகுதி வெறுமண். இவ்வளவே.

நாயை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்பது முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். இந்து, கத்தோலிக்க வீடுகள் பலவற்றிலும் அப்படியே. அவ்வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. வெளியே நிற்கும் பிராணிக்கும் நிழலும் நீரும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இறுதியாக நம் கழுதைகள். அராபிய வணிகர் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இவை பொதி சுமந்த காலம் போய், இப்போது வீதியில் அலைகின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன, பொலித்தீனைத் தின்கின்றன. பிரிட்ஜிங் லங்கா என்னும் அமைப்பு மன்னாரில் இவற்றுக்கென மருத்துவ நிலையமொன்றை அமைத்தது. அயலார் செய்த அப்பணிக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு சிறியது: குப்பைத்தொட்டிக்கு ஒரு மூடி, மதிலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த்தொட்டி. இலங்கையில் 2006 முதல் தெருநாய்களைக் கொன்று குறைக்கும் வழக்கமும் கைவிடப்பட்டுள்ளது. எனவே இவ்வுயிர்கள் நம்மிடையேதான் வாழப்போகின்றன. அவற்றுக்கு இடம் வகுக்காத வீடு, அவற்றோடு நாள்தோறும் சண்டையிடும் வீடாகவே இருக்கும்.

அத்திவாரம் வெட்டுமுன் வரைபடத்தில் ஒரு கோடு போடுவது எளிது. கட்டி முடித்தபின் சுவரை இடிப்பதே கடினம். அடுத்த வீட்டுக்கு வரைபடம் கீறும் பொறியியலாளரும், திட்டம் வகுக்கும் அதிகாரியும், பணம் அனுப்பும் உறவினரும் அந்த ஒரு கோட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.