ஆலையை நம்பி வைத்த ஆப்பிள் மரங்கள்: பிரிட்டன் சைடர் தோட்டங்களில் என்ன நடக்கிறது?

காய்ப்பில் இருந்த சுமார் 300 ஏக்கர் ஆப்பிள் தோட்டத்தை இயந்திரம் விட்டுப் பிடுங்கிய செய்தி 2023-ல் பிரிட்டனிலிருந்து வந்தது. வேல்ஸ் பகுதியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய மான்மத்ஷயரில் 1997-ல் வைத்த தோட்டம் அது. நோய் தாக்கியோ வறட்சியிலோ போன மரங்கள் அல்ல. தோட்டத்தின் சொந்தக்காரர் ஹைனெகன் என்ற பெரிய மதுபான நிறுவனம். சைடர் விற்பனை குறைந்துவிட்டது, பழம் தேவைக்கு மேல் இருக்கிறது, நிலத்தை விற்கப் போகிறோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

நிறுவனம் தன் சொந்த மரத்தைப் பிடுங்கியது, அது அவர்கள் கணக்கு. அதே ஆலையை நம்பித் தங்கள் நிலத்தில் அதே ரகங்களை வைத்த விவசாயிகளின் நிலைதான் நாம் கவனிக்க வேண்டியது.

சைடர் என்பது ஆப்பிளை அரைத்துப் பிழிந்து, சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் மது. குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, பயிர்க் கணக்குக்காக எழுதுகிறேன். இதற்கென்று வைக்கும் ஆப்பிள், நாம் கடையில் வாங்கும் ஆப்பிள் அல்ல. கடித்தால் வாழைக்காயைப் பச்சையாகத் தின்றதுபோல் நாக்கு இழுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் 1903-லேயே இந்த ரகங்களைத் தரம் பிரித்துவிட்டார்கள். சாற்றில் புளிப்பு 0.45 சதவீதத்துக்கு மேலா கீழா, துவர்ப்பு 0.2 சதவீதத்துக்கு மேலா கீழா என்று இரண்டே கேள்வி. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு கலந்த இனிப்பு, துவர்ப்பு கலந்த புளிப்பு என நான்கு வகை கிடைக்கும். ஆலைகள் பெரும்பாலும் பல ரகச் சாற்றைக் கலந்துதான் சரியான சுவைக்குக் கொண்டுவருகின்றன.

கலக்காமலே சரியாக வரும் ரகங்கள் மிகக் குறைவு. அதில் பெயர்பெற்றது கிங்ஸ்டன் பிளாக். சாமர்செட் மாவட்டத்தில் டான்டன் நகருக்கு அருகே உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய 19-ஆம் நூற்றாண்டு ரகம். பழம் சிறியது, கறுப்பு கலந்த அடர் சிவப்பு. புளிப்பும் துவர்ப்பும் இனிப்பும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் தனியாகப் பிழிந்தாலே நல்ல சைடர் வரும். ஆனால் மரம் வளர்ப்பவருக்கு இது சிரமம் கொடுக்கும் ரகம். காய்ப்பு குறைவு, ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருக்காது. பட்டை வெடித்துப் புண்ணாகும் நோயும், பழத்தில் சொறி விழும் நோயும் எளிதாகத் தாக்கும். அதே சாமர்செட்டில் வேலியோரத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்த டாபினெட் ரகமோ தவறாமல் காய்க்கும். ஆலைகள் டாபினெட் போன்ற ரகங்களையே அதிகம் கேட்டன. சுவையில் பெயர் வாங்கியது ஒன்று, தோட்டத்தில் இடம் பிடித்தது மற்றொன்று.

பழைய சைடர் தோட்டங்களில் மரங்கள் உயரமாக, தள்ளித் தள்ளி நிற்கும். கீழே புல், புல்லில் ஆடு. ஆப்பிள் விலை போகாத ஆண்டிலும் ஆடு காசு கொடுக்கும். பின்னாளில் வந்த ஆலைத் தோட்டங்கள் வேறு மாதிரி. குட்டை மரம், நெருக்கமான வரிசை, மரத்தை உலுக்கிவிட்டுத் தரையிலிருந்து பழத்தை அள்ள இயந்திரம். நன்றாகப் பராமரித்தால் ஏக்கருக்கு 10 முதல் 14 டன் வரை எடுக்கலாம். இந்த மாற்றத்தை நடத்தியது ஆலைகளின் நீண்ட காலக் கொள்முதல் ஒப்பந்தங்கள். சில 30 ஆண்டு வரை நீண்டவை. 30 ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் யார்தான் மரம் வைக்க மாட்டார்கள்? 2000-த்தின் நடுப்பகுதியில் ஐஸ் போட்டுக் குடிக்கும் சைடர் விளம்பரங்களால் விற்பனை ஏறியதும் இன்னும் பல ஏக்கர் சேர்ந்தது.

இப்போது அந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிகின்றன, புதுப்பிப்பு கிடைப்பதில்லை. நல்ல மகசூல் வந்த ஆண்டிலும் வாங்க ஆளில்லாமல் மரத்தடியிலேயே பழம் அழுகும் நிலை. குடிப்பவர்களின் விருப்பம் மாறியது ஒரு காரணம். இன்னொன்று அதிகம் பேசப்படாதது. பிரிட்டனில் சைடர் என்று பெயர் போட 35 சதவீதம் சாறு இருந்தால் போதும் என்பது 2010 முதல் உள்ள விதி. அந்தச் சாறும் உள்ளூர்ப் பழத்தில் பிழிந்ததாக இருக்க வேண்டியதில்லை, வெளிநாட்டில் சுண்டக் காய்ச்சி டின்னில் வந்த சாறாகவும் இருக்கலாம். ஆக, கடையில் சைடர் விற்றாலும் பக்கத்து ஊர்ப் பழம் விற்கும் என்பதற்கு உறுதி இல்லை. இந்த விதியைக் கடுமையாக்காமல் விவசாயிக்கு விடிவு வராது என்பது என் கருத்து.

“பாரம்பரிய ரகத்துக்குத் திரும்புங்கள், கிங்ஸ்டன் பிளாக்குக்குத் தனி விலை கிடைக்கும்” என்று அங்கே சிலர் சொல்கிறார்கள். சொல்வதில் உண்மை உண்டு. ஒரே ரகத்தில் செய்த சைடரை ரகப் பெயர் போட்டு நல்ல விலைக்கு விற்கும் சிறு உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 7,000 லிட்டருக்குள் செய்பவருக்கு வரி விலக்கும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் பழத்தில் சுமார் 650 லிட்டர் சாறு வரும். 7,000 லிட்டருக்கு 11 டன் போதும். அது ஆலைத் தோட்டத்தின் ஒரே ஏக்கர் மகசூல். பிடுங்கிய அந்த 300 ஏக்கர் பழத்தை வாங்க இப்படிப்பட்ட சிறு உற்பத்தியாளர்கள் 300 பேர் வேண்டும். சாலையோரம் சொந்தக் கடை வைத்து விற்கத் தெரிந்த நாலைந்து ஏக்கர்க்காரருக்கு இது வழி, 50 ஏக்கர்க்காரருக்கு இது வழியல்ல. பாரம்பரியம் என்ற பெயரே மரத்தைக் காப்பாற்றிவிடும் என்றால், 1900-க்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 81 சதவீதப் பாரம்பரியப் பழத்தோட்டங்கள் அழிந்திருக்காது. இது நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 2022-ல் வெளியிட்ட கணக்கு.

இதைப் படிக்கும்போது கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தங்கள் ஊர் ஞாபகம் வரும். பெங்களூரா மாம்பழமும் கூழ் ஆலையை நம்பிய ரகம்தான். 2025-ல் விலை சரிந்தபோது பக்கத்து ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்து, அதில் 4 ரூபாயைத் தானே கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. பெங்களூரா காயைக் கிளிமூக்கு மாங்காய் என்று உப்பு மிளகாய்த்தூள் தூவி விற்கலாம், ஊறுகாய்க்கும் போகும். சைடர் ஆப்பிளுக்கு அந்த இரண்டாவது சந்தையே இல்லை.

எனவே யாராவது “கன்று நாங்கள் தருகிறோம், விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்” என்று உங்கள் ஊருக்கு வந்தால், விலையை அப்புறம் கேளுங்கள். முதலில், அவர் வாங்காவிட்டால் இந்தக் காயை வேறு யார் வாங்குவார் என்று கேளுங்கள். ஒப்பந்த ஆண்டையும் மரத்தின் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒப்பந்தம் 10 ஆண்டு, மரம் முழுக் காய்ப்புக்கு வர 7 ஆண்டு என்றால் உங்கள் கைக்கு வருவது மூன்றே அறுவடை. பாதியில் விலகினால் நிறுவனம் என்ன தரும் என்ற வரி தாளில் இருக்கிறதா, “தரம் குறைந்தால் எடுக்க மாட்டோம்” என்பதில் தரம் எதைக்கொண்டு அளக்கப்படும், அளக்கும்போது நீங்கள் கூட இருக்கலாமா என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே மரம் வைத்துவிட்டவர்கள் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். அடிமரமும் வேரும் நன்றாக இருந்தால் கிளையை வெட்டி, வரும் தளிரில் சந்தை உள்ள வேறு ரகத்தை ஒட்டுக் கட்டலாம். சைடர் தோட்டக்காரர்களும் இதைச் செய்கிறார்கள், மாமரத்திலும் இது நன்றாக வரும். புதுக்கன்று வைப்பதைவிடச் சீக்கிரம் காய்ப்புக்கு வந்துவிடும். ஒரே நேரத்தில் எல்லா மரத்திலும் கை வைக்காமல், இந்த ஆண்டு நாலில் ஒரு பங்கு மரத்தில் மட்டும் செய்யுங்கள். மிச்ச மரங்கள் இந்த ஆண்டுச் செலவுக்குக் காய் கொடுக்கட்டும்.